செடி டேங்க்கில் ஃபில்டர் கோளாறு: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் முறை

மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது, தண்ணீர் பால் கலந்த மாதிரி இருக்கிறது என்று யாராவது கூப்பிட்டால் நான் முதலில் கேட்பது, "ஃபில்டரைக் கடைசியாக எப்போது கழுவினீர்கள், எந்தத் தண்ணீரில்?" என்பதுதான். பாதிப் பதில் அதிலேயே வந்துவிடும்.

சென்னையில் மெட்ரோ தண்ணீர், லாரித் தண்ணீர், போர் தண்ணீர் என மூன்றையும் மாற்றி மாற்றி ஊற்றித்தான் செடி டேங்க் (நீர்ச்செடிகளோடு மீன் வளர்க்கும் கண்ணாடித் தொட்டி) வைத்திருக்கிறேன். தெரிந்தவர்கள் வீட்டு டேங்க்குகளையும் போய்ப் பார்ப்பேன். திரும்பத் திரும்ப வருவது கீழே இருக்கும் கோளாறுகள்தான். உங்களுக்குத் தெரிகிற அறிகுறி எதுவோ, அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணத்தை முதலிலும், காசு கேட்பதைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன்.

எந்த அறிகுறியானாலும் ஒன்று பொது: பதற்றத்தில் ஃபில்டரைத் திறந்து மீடியாவை, அதாவது உள்ளே இருக்கும் ஸ்பாஞ்ச், செராமிக் ரிங் போன்றவற்றை, கழுவாதீர்கள். ஸ்பாஞ்சிலும் செராமிக் ரிங்கிலும் வழவழவென்று ஒட்டியிருப்பது வெறும் அழுக்கு இல்லை. மீன் கழிவில் வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா அங்கேதான் குடியிருக்கிறது. அதற்கு ஆக்சிஜனோடு தண்ணீர் ஓட வேண்டும், குளோரின் படக் கூடாது, தண்ணீரில் கொஞ்சம் காரத்தன்மை இருக்க வேண்டும். பிரச்சினை தண்ணீரில் இருந்தால் தண்ணீரை மாற்றுங்கள், மீடியாவை விட்டுவிடுங்கள்.

தொடங்கும் முன் கையில் வேண்டியவை

அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பிஹெச், கேஹெச் (தண்ணீரின் காரத்தன்மை) ஐந்துக்கும் சொட்டு மருந்து வகை டெஸ்ட் கிட். காகிதப் பட்டைகளில் பெரும்பாலும் அம்மோனியா இருக்காது, நமக்கு முதலில் தெரிய வேண்டியதே அதுதான். நைட்ரேட் கிட்டில் இரண்டாவது புட்டியை அரை நிமிடமாவது பலமாகக் குலுக்கிவிட்டுச் சொட்டு விடுங்கள். அடியில் தங்கியது கலக்காவிட்டால் நைட்ரேட் நிறைய இருந்தாலும் குறைவாகக் காட்டும்.

அம்மோனியா எண்ணைத் தனியாகப் படிக்காதீர்கள், பக்கத்தில் பிஹெச்சையும் எழுதுங்கள். கிட் காட்டுவது மொத்த அம்மோனியா. அதில் மீனைக் கொல்லும் பகுதி பிஹெச் 7, 25 டிகிரியில் ஒரு சதவீதத்துக்கும் கீழே. பிஹெச் 8, 30 டிகிரியில் ஏறக்குறைய 7 சதவீதம். அதனால் பிஹெச் ஏறியிருக்கும் போர் தண்ணீர் டேங்க்கில் 1 பிபிஎம் (லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்) என்பது அவசரம். அதே 1 பிபிஎம் பிஹெச் 6.5 டேங்க்கில் இருந்தால் உட்கார்ந்து யோசிக்க நேரம் உண்டு.

அறிகுறி: மீன்கள் மேலே வந்து மூச்சுத் திணறுகின்றன

முதலில் எந்த மீன் என்று பாருங்கள். பெட்டாவும் கௌராமியும் மேலே வந்து காற்றை விழுங்குவது அவற்றின் இயல்பு. டெட்ரா, ராஸ்போரா, கோரி எல்லாம் சேர்ந்து மேலே நின்று, செவுள் படபடவென்று அடித்தால்தான் இது கோளாறு.

காரணம் தேடுவதற்கு முன் ஐந்து நிமிட வேலை: ஏர் பம்ப்பைப் போடுங்கள், செடிகளுக்காக வைத்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரை மூடுங்கள், ஃபில்டர் வெளிவிடும் குழாயைத் தூக்கி மேற்பரப்பு அலைபாயும்படி வையுங்கள், இன்றைய தீனியை நிறுத்துங்கள். அப்புறம் எந்த நேரத்தில் திணறுகின்றன என்பதை வைத்துப் பிரியுங்கள்.

*விடியற்காலையில் மட்டும், மதியத்துக்குள் சரியாகிவிடுகிறது.* ராத்திரியில் செடிகளும் ஆக்சிஜனை இழுக்கின்றன, கூடவே சிலிண்டரும் ஓடிக்கொண்டிருக்கிறது. விளக்கு அணைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வாயு நிற்கும்படி டைமரை வையுங்கள், இரவில் ஏர் பம்ப் ஓடட்டும். டைமர் நின்ற பிறகும் குமிழி வந்தால் வாயுவை நிறுத்தும் மின் வால்வு (சாலினாய்டு) மூடவில்லை என்று அர்த்தம். ரெகுலேட்டரைக் கழற்றி நீங்களே பார்க்க வேண்டாம், சிலிண்டர் நிரப்பும் கடையில் கொடுங்கள்.

*மாலையில், விளக்கு எரியும்போது.* வாயு அதிகம். டிராப் செக்கர் (தண்ணீரில் எவ்வளவு வாயு இருக்கிறது என்று நிறத்தால் காட்டும் சின்னக் கருவி) மஞ்சளாக இருக்கும். குமிழி எண்ணிக்கையைக் குறையுங்கள். டிராப் செக்கர் நிறம் மாற ஓரிரண்டு மணி நேரம் ஆகும், அதனால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திருகிக்கொண்டே இருக்காதீர்கள்.

*நாள் முழுக்க, அதுவும் கத்திரி வெயிலில்.* தெர்மாமீட்டரைப் பாருங்கள். 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன் தாங்கும், 32 டிகிரியில் 7.3 தான். மேல்மூடியைத் திறந்து, சின்ன ஃபேனை மேற்பரப்பின் மேல் சாய்த்து வைத்தாலே இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆவியாகிப் போவதை ஆர்ஓ தண்ணீரால் நிரப்புங்கள், போர் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனால் உப்பு ஏறும். சில்லர் வாங்குவது கடைசிப் படி. மீன்களை அளவாக வைத்திருக்கிற டேங்க்குகளில் எனக்கு அது தேவைப்பட்டதில்லை.

*தண்ணீர் மாற்றிய ஓரிரு மணி நேரத்துக்குள்.* குளோரின். லாரித் தண்ணீரில் சில நாள் மூக்கிலேயே அடிக்கும், சில நாள் வாசமே இருக்காது. ஆன்டி-குளோரினைப் புதிதாக ஊற்றிய தண்ணீருக்கு மட்டும் கணக்கிடாமல் டேங்க்கின் முழுக் கொள்ளளவுக்கும் ஊற்றுங்கள். மீன் தேறிவிட்டாலும் வேலை முடியவில்லை: அந்தக் குளோரின் ஃபில்டர் வழியாகவும் ஓடியிருக்கிறது. ஒரு வாரம் தினமும் அம்மோனியா பாருங்கள்.

*இவற்றில் எதுவும் பொருந்தவில்லை.* அம்மோனியாவும் நைட்ரைட்டும் அளந்துவிட்டு அடுத்த தலைப்புக்குப் போங்கள்.

அறிகுறி: அம்மோனியாவோ நைட்ரைட்டோ பூஜ்ஜியத்துக்கு மேல் காட்டுகிறது

*டேங்க் வைத்து ஆறு வாரம் ஆகவில்லை.* இது கோளாறே இல்லை, பாக்டீரியா இன்னும் குடியேறவில்லை. வழக்கமாக நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். அக்வா சாயில் போட்டிருந்தால் முதல் சில வாரம் அந்த மண்ணிலிருந்தே அம்மோனியா கசியும், அதுவரை மீன் விடாதீர்கள். ஏற்கெனவே விட்டாயிற்று என்றால், எண் 0.5 பிபிஎம்மைத் தொடும்போதெல்லாம் பாதித் தண்ணீரை மாற்றுங்கள்.

இதைச் சுருக்க எனக்குத் தெரிந்த சிறந்த வழி காசில்லாத வழி. நோயில்லாத பழைய டேங்க் வைத்திருக்கும் நண்பரிடம் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பாஞ்சில் ஒரு துண்டோ, ஒரு கை செராமிக் ரிங்கோ கேளுங்கள். அந்த டேங்க் தண்ணீரோடு பையில் போட்டு, காயவிடாமல், வழியில் எங்கும் நிற்காமல் கொண்டுவந்து உங்கள் ஃபில்டரில் வையுங்கள். நத்தை முட்டையும் கூட வரலாம், அது பெரிய விலை இல்லை. புட்டியில் விற்கும் பாக்டீரியாவை இதற்குப் பிறகுதான் யோசிப்பேன். சில புட்டி வேலை செய்தது, சிலது செய்யவே இல்லை. வெயிலில் எத்தனை நாள் கிடந்தது என்பது புட்டியைப் பார்த்தால் தெரியாது.

*பழைய டேங்க்கில் திடீரென்று ஏறியது.* இந்த வரிசையில் யோசியுங்கள்.

எங்காவது மீன் செத்துக் கிடக்கிறதா? மரக்கட்டைக்குப் பின்னால், ஃபில்டர் இழுக்கும் குழாய்க்கு அடியில் எல்லாம் டார்ச் அடித்துப் பாருங்கள். தலையை எண்ணுங்கள்.

போன வாரம் புதிய மீன்களை மொத்தமாக விட்டீர்களா? பாக்டீரியா இருக்கிற தீனிக்கு ஏற்றபடிதான் பெருகியிருக்கும். சில நாள் தீனியைப் பாதியாக்கித் தண்ணீர் மாற்றினால் அது எட்டிப் பிடித்துவிடும்.

மீடியாவைக் குழாயடியில் கழுவினீர்களா, அல்லது "மாதாமாதம் மாற்றவும்" என்று அட்டையில் போட்டிருந்ததை நம்பி மொத்தத்தையும் தூக்கிப் போட்டீர்களா? அந்த வாசகம் எனக்கு உண்மையாகவே கோபம் வரவழைப்பது. மாதாமாதம் மாற்ற வேண்டியது ஆக்டிவேட்டட் கார்பனும் வெள்ளைப் பஞ்சும்தான். ஸ்பாஞ்ச் பிய்ந்து போகும்வரை ஓடும். செராமிக் ரிங் பல வருடம் ஓடும். மாற்றியே ஆக வேண்டுமென்றால் இன்று பாதி, ஒரு மாதம் கழித்து மீதி. கழித்தது இன்னும் குப்பைத் தொட்டியில் ஈரமாக இருந்தால் எடுத்துத் திரும்பப் போடுங்கள்.

மருந்து போட்டீர்களா? மெத்திலீன் ப்ளூவும் எரித்ரோமைசினும் ஃபில்டர் பாக்டீரியாவையும் சேர்த்தே அடிக்கும். நோயுள்ள மீனைத் தனி பக்கெட்டில் வைத்து வைத்தியம் பார்ப்பதுதான் செடிக்கும் நல்லது, ஃபில்டருக்கும் நல்லது.

ஃபில்டரில் சியோலைட் இருக்கும்போது உப்பு போட்டீர்களா? சியோலைட் அதுவரை பிடித்துவைத்த அம்மோனியாவை உப்பு வெளியே தள்ளிவிடும். உப்பு போடுவதற்கு முன் சியோலைட்டை எடுத்துவிட வேண்டும்.

*அம்மோனியா பூஜ்ஜியம், நைட்ரைட் மட்டும் ஏறியிருக்கிறது.* பாதி வழி வந்துவிட்டீர்கள், நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும் இரண்டாவது பாக்டீரியாக் கூட்டம் இன்னும் பெருக வேண்டும். அதுவரை 50 லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் சாதா உப்பு கரைத்து ஊற்றுங்கள். உப்பில் இருக்கும் குளோரைடு, நைட்ரைட்டைச் செவுள் வழியாக மீன் உடம்புக்குள் போகவிடாமல் தடுக்கும். இந்த அளவுக்குச் செடிகள் வாடுவதில்லை. உப்புக் கரிக்கும் போர் தண்ணீர் ஊற்றுகிறவர்களுக்கு இது தேவையே இருக்காது, குளோரைடு ஏற்கெனவே நிறைய இருக்கும்.

*எல்லாம் சரியாகத்தான் செய்தேன், ஆனால் பிஹெச் 6க்கும் கீழே.* முழுக்க ஆர்ஓ தண்ணீர் ஊற்றுகிறவர்களிடம் இதைப் பார்க்கிறேன். இந்த ஒரு கிளையை மட்டும் நிதானமாகப் படியுங்கள். பாக்டீரியா வேலை செய்யச் செய்யக் காரத்தன்மையைத் தின்றுகொண்டே போகும். ஆர்ஓ தண்ணீரில் அது ஏற்கெனவே இல்லை. கேஹெச் பூஜ்ஜியத்துக்கு வந்ததும் பிஹெச் சரிந்து, பாக்டீரியா ஏறக்குறைய நின்றுவிடுகிறது, அம்மோனியா சேர்கிறது. மீன் மட்டும் நன்றாகத்தான் நீந்தும், ஏனென்றால் அந்தப் பிஹெச்சில் அம்மோனியா விஷமில்லாத வடிவத்தில் இருக்கிறது.

ஆபத்து அதைச் சரிசெய்யப் போகும்போதுதான். 4 பிபிஎம் அம்மோனியா இருக்கும் டேங்க்கில் பிஹெச் 8 உள்ள போர் தண்ணீரைப் பாதி ஊற்றினால் அதுவரை தூங்கிக்கொண்டிருந்த அம்மோனியா ஒரு மணி நேரத்தில் விஷமாக மாறும். தெரிந்தவர் ஒருவர் "நல்லதுக்குத்தானே" என்று பாதித் தண்ணீர் மாற்றிய அன்று இரவே பதினாறு கார்டினல் டெட்ரா மீன்களும் போய்விட்டன. காலையில் அவர் கூப்பிட்டபோது என்னால் செய்ய முடிந்தது எதுவுமில்லை. ஆகவே அதே ஆர்ஓ தண்ணீரைக் கொண்டு, ஒரு நாளைக்கு இரண்டு முறை பத்துப் பதினைந்து சதவீதமாக மாற்றி முதலில் அம்மோனியாவைக் கீழே கொண்டுவாருங்கள். அது 0.5க்குக் கீழே வந்த பிறகு, ஒரு கை கிளிஞ்சலையோ பவளத் துண்டையோ வலைப்பையில் கட்டி ஃபில்டருக்குள் வையுங்கள். கேஹெச் நாள்கணக்கில் மெதுவாக ஏறும், 2 அல்லது 3 வந்தால் போதும். அப்புறம் ஆர்ஓவோடு கொஞ்சம் மெட்ரோ தண்ணீரையும் கலந்தே ஊற்றி வாருங்கள்.

இரண்டு வாரம் தண்ணீர் மாற்றியும் எண் இறங்காவிட்டால் மீன்களை ஓடிக்கொண்டிருக்கும் வேறொரு டேங்க்குக்கு மாற்றிவிட்டு, செடிகளோடு இந்த டேங்க்கைத் தனியாகச் சைக்கிள் ஆகவிடுங்கள், அதாவது பாக்டீரியா குடியேறி நிலைக்கவிடுங்கள்.

அறிகுறி: தண்ணீர் கலங்கியிருக்கிறது

வெள்ளைக் கண்ணாடி டம்ளரில் மொண்டு வெளிச்சத்தில் பிடியுங்கள்.

பால் நிறம், டேங்க் புதியது: தண்ணீரில் மிதக்கும் வேறு வகை பாக்டீரியாவின் பெருக்கம். மூன்று நாளிலிருந்து பத்து நாளுக்குள் தானாகத் தெளியும். தண்ணீரை மாற்றி மாற்றிப் பார்த்தால் இழுத்துக்கொண்டுதான் போகும். காற்று மட்டும் நன்றாக ஓடட்டும்.

பால் நிறம், டேங்க் பழையது: தீனி மிஞ்சுகிறது, அல்லது ஏதோ அழுகுகிறது, அல்லது நேற்று ஃபில்டரைக் கழுவினீர்கள். அம்மோனியா பார்த்துவிட்டு மேலே இருக்கும் தலைப்புக்குப் போங்கள்.

மண் நிறம், செடி பிடுங்கி நட்ட பிறகு: ஃபில்டரில் வெள்ளைப் பஞ்சு ஒரு அடுக்கு வையுங்கள், மறுநாள் தெளிந்துவிடும்.

பச்சை: பாசி. ஃபில்டர் மீடியா எவ்வளவு நன்றாக இருந்தாலும் இதைப் பிடிக்காது. ஜன்னல் வெயிலை மறைத்து, விளக்கை ஆறு மணி நேரமாகக் குறையுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் யூவி விளக்கு.

தேயிலை நிறம்: மரக்கட்டையின் சாறு. கெடுதல் இல்லை. பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் கார்பன்.

அறிகுறி: ஃபில்டரில் தண்ணீர் வேகம் குறைந்துவிட்டது

செடி டேங்க்கில் இதற்கு முதல் காரணம் உதிர்ந்த இலை. இழுக்கும் குழாயின் வலைத் தொப்பியைக் கையால் வழியுங்கள். அடுத்து வெள்ளைப் பஞ்சு. தண்ணீர் முதலில் படும் இடத்தில் அது இருந்தால் வாராவாரம் அடைக்கத்தான் செய்யும், அடைப்பதுதான் அதன் வேலை. தூக்கிப் போட்டுப் புதிது வையுங்கள்.

அடுத்து ஸ்பாஞ்ச். கழுவும் முறை இது: தண்ணீர் மாற்றும் நாளில் எடுத்த பழைய டேங்க் தண்ணீரை ஒரு பக்கெட்டில் வையுங்கள். ஸ்பாஞ்சை அதில் மூன்று நான்கு முறை அமுக்கிப் பிழிந்தால் போதும். பளிச்சென்று வர வேண்டியதில்லை, பழுப்பு நிறம் ஒட்டியிருக்கட்டும். செராமிக் ரிங்கைக் கூடையோடு ஒருமுறை முக்கி எடுங்கள், தேய்க்காதீர்கள். ஸ்பாஞ்சும் ரிங்கும் ஒரே நாளில் வேண்டாம், இரண்டு வாரம் இடைவெளி விடுங்கள். பக்கெட்டில் மிஞ்சும் அந்தப் பழுப்புத் தண்ணீரைத் தொட்டிச் செடிகளுக்கு ஊற்றிப் பாருங்கள், அவ்வளவு நன்றாக வரும்.

இன்னும் வேகம் வரவில்லையா? குழாய்க்குள் வழவழப்பு படிந்திருக்கும், நீளமான பிரஷ் விட்டு இழுங்கள். அப்புறம் இம்பெல்லர், அதாவது மோட்டாரில் தண்ணீரைத் தள்ளும் சின்னச் சுழல் விசிறி. பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதைக் கழற்றுங்கள். நத்தைக் குட்டி, முடி, பாசி நார் சுற்றியிருக்கும். கடகடவென்று சத்தம் வந்து ஓட்டம் குறைந்தால் உள்ளே காற்று சிக்கியிருக்கலாம், கனிஸ்டரை (டேங்க்குக்கு வெளியே வைக்கும் மூடிய ஃபில்டர்) மெதுவாகச் சாய்த்துக் காற்றை வெளியே விடுங்கள். இம்பெல்லர் தண்டு உடைந்திருந்தால் அது தனியாகவே கிடைக்கும், ஃபில்டரையே மாற்ற வேண்டியதில்லை. தண்டும் நன்றாக இருந்து மோட்டார் சூடாகி நின்றுவிட்டால் மட்டும் புதிய ஃபில்டர். பழைய மீடியாவை அப்படியே அதற்குள் மாற்றிவிடுங்கள், சைக்கிள் போகாது.

அறிகுறி: கரண்ட் போய் வந்த பிறகு ஃபில்டர் நாறுகிறது

கனிஸ்டர் மூடிய டப்பா. ஓட்டம் நின்றால் உள்ளே இருக்கும் ஆக்சிஜனைப் பாக்டீரியாவே சீக்கிரம் தீர்த்துவிடும். ஒரு மணி நேரம் போனால் ஒன்றும் ஆகாது. நான்கைந்து மணி நேரம் தாண்டினால், கரண்ட் வந்ததும் தானாக ஓடட்டும் என்று விடாதீர்கள், பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். உள்ளே இருக்கும் தண்ணீரைக் கீழே கொட்டி, மீடியாவை டேங்க் தண்ணீரில் அலசி, அப்புறம் ஓட்டுங்கள். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டும் டேங்க்குக்குள் போகக் கூடாது. அப்படி ஆனால் பாக்டீரியாவில் ஒரு பகுதி போயிருக்கும், ஒரு வாரம் தீனியைக் குறைத்து அம்மோனியா பாருங்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் இரண்டு நாளுக்கு மேல் கரண்ட் இல்லை. கனிஸ்டரைத் திறந்து செராமிக் ரிங் எல்லாவற்றையும் வலைப்பையில் கட்டி டேங்க்குக்குள்ளேயே இறக்கி, அதற்கு அடியில் பேட்டரி ஏர் பம்ப்பின் கல்லை வைத்தேன். கரண்ட் வந்ததும் திரும்பக் கூடையில் அடுக்கினேன். அம்மோனியா ஏறவே இல்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு டேங்க்கிலும் மூலையில் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரும் ஓடுகிறது. அதன் ஏர் பம்ப் சில வாட் மட்டுமே எடுக்கும், வீட்டு இன்வெர்ட்டரிலேயே கொடுத்துவிடலாம்.

அறிகுறி: நைட்ரேட் பூஜ்ஜியம், பழைய இலைகள் மஞ்சளாகின்றன

"ஃபில்டரில் பாக்டீரியா செத்துவிட்டது போல" என்று மீடியா வாங்கப் போகாதீர்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியம் என்றால் எதுவும் சாகவில்லை. செடிகள் அம்மோனியாவையும் நைட்ரேட்டையும் தாங்களே தின்றுவிட்டு இன்னும் பசியாக இருக்கின்றன. நைட்ரஜன் உள்ள திரவ உரம் போட்டு, நைட்ரேட்டை 10 பிபிஎம்முக்குப் பக்கத்தில் வைத்திருங்கள். மஞ்சளாவது புதிய இலை என்றால் அது இரும்புச் சத்துப் பக்கம், இந்தக் கிளையில் வராது.

அறிகுறி: எண்கள் எல்லாம் நன்றாக இருக்கின்றன, மீன் மட்டும் சாகிறது

இது ஃபில்டர் கோளாறு இல்லை. உடம்பில் புண், வீங்கிய வயிறு, சிலிர்த்த செதில், நூல் மாதிரி கழிவு என்று எதையாவது பார்த்தால் கடையில் கிடைக்கும் நிற நிறமான மருந்துகளை ஒவ்வொன்றாக ஊற்றிப் பார்க்காதீர்கள். பொன்னேரியிலும் தூத்துக்குடியிலும் மீன்வளக் கல்லூரிகள் இருக்கின்றன, மீன் நோய் தெரிந்தவர்கள் அங்கே உண்டு. மீன் கொண்டுபோகலாமா, எப்படிக் கொண்டுபோவது என்று முதலில் போனில் கேட்டுவிட்டுப் போங்கள். டேங்க் தண்ணீரையும் தனிப் புட்டியில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: கனிஸ்டர் அடியில் ஈரம், அல்லது தண்ணீரில் கை வைத்தால் சுருக்கென்கிறது

ஈரம் என்றால் முதலில் ஓ-ரிங், அதாவது மூடியில் இருக்கும் ரப்பர் வளையம். மணல் துகள் ஏறியிருந்தால் துடையுங்கள், காய்ந்திருந்தால் சிலிக்கான் கிரீஸ் மெல்லியதாகத் தடவுங்கள். வாஸ்லின் வேண்டாம், அது ரப்பரை ஊதவைத்துவிடும். வெடிப்பு இருந்தால் புதிய ரிங். ஈரம் டேங்க்கின் கண்ணாடி ஓரத்திலிருந்து வந்தால் தண்ணீரை இறக்கிவிட்டு டேங்க் செய்கிறவரைக் கூப்பிடுங்கள். வெளியிலிருந்து பசை பூசி நிற்கவைக்க முடியாது.

சுருக்கென்றால் இங்கே வீட்டுச் சோதனை எதுவும் கிடையாது. கையை எடுத்துவிட்டு மெயினை அணையுங்கள், பிறகு எல்லா பிளக்கையும் பிடுங்குங்கள். எலெக்ட்ரீஷியன் வந்து எர்த்தைச் சோதித்து, 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானாக மின்சாரத்தை வெட்டும் சுவிட்ச்) இல்லையென்றால் அதைப் பொருத்தும்வரை அந்த பிளக்குகள் திரும்பச் செருகப்படக் கூடாது. அதுவரை மேலே சொன்ன மாதிரி மீடியாவை வலைப்பையில் கட்டி, டேங்க்குக்குள் பேட்டரி ஏர் பம்ப்பின் கல்லுக்கு மேல் வையுங்கள். எல்லாம் சரியானதும் ஒயர்களை பிளக்குக்குக் கீழே தொங்கி மேலே ஏறும்படி வளைத்து விடுங்கள். ஒயர் வழியாக வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது.